மாடு வாய் வைத்த பொங்கல்

என் மாமனார் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்தவர் அல்ல. தெருவில் நின்று சத்தம் போட்டவரும் அல்ல. எதையும் மறக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகவே குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்க்காரர்கள் அவரிடம் யோசித்துப் பேசினார்கள். நான் சிதம்பரத்துக்காரன். கோயிலுக்கு வருகிற வெளியூர், வெளிநாட்டு ஆட்களுக்குக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். பிழைப்பே பேச்சில்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. பெண் பார்க்கப் போன அன்றே என் சித்தப்பா என் காதைக் கடித்தார். "பொண்ணு தங்கம்டா. மாமனாருகிட்ட மட்டும் வாயக் குடுத்துடாத."

இதைச் சொன்ன சித்தப்பாவே போய் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. எங்கள் கல்யாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "என்னா சம்பந்தி, சாம்பார்ல உப்பே காணோம், வெல ஏறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டார். மாமா சிரித்த முகத்தோடு உள்ளே போய் உப்பு ஜாடியைத் தானே எடுத்துவந்து பரிமாறினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் மகளுக்குக் காது குத்தும் வரைக்கும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. காது குத்து மாமா வீட்டில். சித்தப்பா இலையில் உட்கார்ந்ததும் மாமா ஒரு சின்ன வாளியோடு வந்தார். சாம்பாரை அள்ளி ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். சித்தப்பா ஒரு வாய் வைத்தார்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உப்பு போதுமா சம்பந்தி?" என்றார் மாமா, அவ்வளவு மரியாதையாக. ரசத்துக்கும் அதே வாளி மாதிரி இன்னொன்று வந்தது. அதே கேள்வி. மோருக்கு வருவதற்குள் சித்தப்பா இலையை மடித்துவிட்டு, "போதும் சம்பந்தி, ரொம்பப் போதும்" என்று எழுந்துகொண்டார்.

"எத்தினி வருசம் ஆச்சி மாமா, இதப் போயி மனசுல வச்சிக்கிட்டு," என்று நான் அன்று சாயந்திரம் கேட்டேன்.

"மன்னிக்கிறதெல்லாம் பெரிய மனுசங்க வேல மாப்ள. நான் சின்ன ஆளு," என்றார். இதை அவர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது முகத்தில் கோபம் துளியும் இருக்காது. தனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்கிற ஆள் மாதிரித்தான் சொல்வார்.

கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒல்லி உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் கட்டிங் பிளேயர். ஓய்வுக்குப் பிறகும் பிளேயர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு பெரிய புயல் வந்து, எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கம்பமெல்லாம் படுத்துவிட்டது. ஊர் ஊராக இருட்டு. மாமா சோறு தண்ணியில்லாமல் வேலை பார்த்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவருடைய பங்காளி வீடு இருக்கிற தெரு மட்டும் கடைசியாக வந்தது. அந்தப் பங்காளி என்றைக்கோ வரப்பைக் கொத்தி மாமா நிலத்துக்குள் தள்ளிப் போட்டவர். கேட்டதற்கு, "எங்க தாத்தா காலத்துலேர்ந்தே அங்கதான் இருக்கு" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர்.

அந்தத் தெருக் கம்பத்தில் மாமா ஏறினார். தெருவே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. எல்லாம் முடுக்கி முடித்துவிட்டு, கடைசி இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து கேட்டார்: "யண்ணே, அந்த வரப்பு மின்ன எந்தப் பக்கம் இருந்திச்சி?"

பங்காளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் பின்னால் பெண்டு பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் நிற்கிறார்கள். "சொல்லேன்யா, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று ஒரு பெண் பிள்ளை சத்தம் போட்டாள். "பலா மரத்துக்கு அந்தாண்ட இருந்திச்சி," என்றார் பங்காளி. "கேக்கல" என்றார் மாமா. பங்காளி இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. மாமா இறங்கிவந்து, அதே பங்காளி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வரப்பைத் திரும்ப நகர்த்தச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு இந்தக் குணம் பிடித்திருந்தது. நல்லது என்று சொல்லமாட்டேன், பிடித்திருந்தது. நாள் முழுக்க யார் யாரோ ஏசுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளுக்குள் கறுவுகிறவன் நான். என்னால் முடியாததை ஒரு மனுஷன் நிதானமாகச் செய்துகாட்டினால் எனக்கு ஏன் பிடிக்காது?

ஆனால் அவர் வஞ்சம் எவ்வளவு தூரத்துக்குப் போகும் என்பதைக் கல்யாணமான முதல் வருஷத்துத் தலைப் பொங்கலிலேயே பார்த்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதைத் தாண்டி முந்திரித் தோப்பு. தோப்பு ஓரத்தில் பழைய செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டு மேடுகள் உண்டு. கடலூர்க் கோட்டைக்காக வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்ட காலத்தில் செத்த இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் அவை. பெயர் கிடையாது, எழுத்து கிடையாது. ஆனால் வருஷம் தவறாமல் சுண்ணாம்பு அடித்து, மாட்டுப் பொங்கல் அன்று இலை போட்டுப் படைத்து, சுருட்டுக் கொளுத்தி வைத்து, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வந்தது. பத்திரிகையில்கூட வந்திருக்கிறது: எங்கிருந்தோ வந்து மாண்ட அந்நிய வீரர்களுக்கு மரியாதை செய்யும் விவசாயக் குடும்பம் என்று. பள்ளிக்கூட வாத்தியார்கள் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள். இப்பேர்ப்பட்ட பெரிய மனசுக்காரர் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம் என்று நான் சிதம்பரத்தில் எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கொட்டகை வாசலில் பொங்கல் வைத்து, கொம்புக்கு வர்ணம் அடித்த காளைகள் இரண்டுக்கும் மாமா பொங்கலை அகலத் தாம்பாளத்தில் போட்டு நீட்டினார். உழவெல்லாம் டிராக்டரில்தான். இருந்தாலும் ஒரு ஜோடி மாடு அவர் வீட்டில் எப்போதும் இருக்கும். மாடுகள் மூக்கு முழுக்கப் பொங்கல் அப்பிக்கொண்டு தின்று, நாக்கால் தாம்பாளத்தை வழித்தன. பாதி தின்றதும் மாமா தாம்பாளத்தை இழுத்து, எச்சில் ஒழுக மிச்சத்தை இரண்டு இலையில் வைத்தார். நான் பதறிப்போனேன்.

"மாமா, மாடு வாய் வச்சிடிச்சி. கல்லறைக்கு வேற எடுக்கலாம்."

"வச்சாதான் மாப்ள எடுக்கணும்."

இலைகளைக் கொண்டுபோய் வைத்தார். சுருட்டைக் கொளுத்தினார். கும்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கையை உதறிவிட்டு, "தின்னுட்டு இங்கயே கெடங்க," என்றார். பிறகு ஒரு மேட்டின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

"படை போற வழியில நம்ம வூடு. நெல்லு, ஆடு, கோழி எல்லாம் எடுத்துக்கிட்டானுங்க. அப்ப இருந்த நம்ம பெரியவரு கால்ல வுழுந்து கேட்டாராம், எல்லாத்தியும் எடுத்துக்குங்க, ஏரு மாட்ட மட்டும் வுட்டுடுங்கன்னு. சிரிச்சானுங்களாம். கட்டுத்தறியிலயே வெட்டி, அங்கயே சுட்டுத் தின்னானுங்க. அந்த வருசம் ஏரு பூட்டல. கஞ்சிக்கு வழியில்லாம பொண்டாட்டி போச்சி, புள்ளைங்க போச்சி. ஒத்தப் பையன் மிஞ்சினான். அவன் வழிதான் நாங்க."

"இவனுங்க ரெண்டு பேரும்?"

"படை திரும்பி வரச்ச வாந்திபேதி. நடக்க முடியாத ரெண்டு பேர இங்க போட்டுட்டுப் போயிட்டானுங்க. மாட்டத் தின்னவனுங்கதான். நம்ம ஆளு மொகத்த மறக்கல. இந்தக் கொட்டாயிலதான் செத்தானுங்க."

"தண்ணி கிண்ணி குடுத்தாரா?"

"அத நான் எங்கப்பாரக் கேக்கல. எங்கப்பாரும் அவுங்கப்பாரக் கேக்கல."

"அப்புறம் ஏன் மாமா செங்கல்லு வச்சிக் கட்டணும்? சுண்ணாம்பு அடிக்கணும்?"

"நரி இழுத்துக்கிட்டுப் போயிட்டா யாரு மேல கோவத்த வச்சிக்கிறது?"

எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படைத்தால், கடைசியில் வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைப்போம். படையலில் அதுதான் முக்கியம். அனுப்பாவிட்டால் அவர்கள் போக வழியில்லாமல் இங்கேயே நின்றுவிடுவார்கள். மாமாவின் வீட்டில் தங்கள் முன்னோர்களை அப்படி அனுப்புவார்கள். இந்த இரண்டு பேரை மட்டும் அனுப்பியதே இல்லை. மாட்டைத் தின்ற வாய்க்கு வருஷத்துக்கு ஒரு தரம் மாட்டின் எச்சிலைக் கொடுத்து, தங்கள் ஊருக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். ஊரார் அதை மரியாதை என்று சொன்னார்கள். மாமா ஒருபோதும் மறுத்ததில்லை. பத்திரிகைக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

"இவனுங்க இங்கிலீஸ்காரனா, பிரெஞ்சுக்காரனா மாமா?"

"எவனா இருந்தா என்னா? தின்னது நம்ம மாடு."

 அன்று முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. என் மனைவியோ, "எங்கப்பா செத்தவங்ககிட்டகூட பாக்கி வைக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுக் கரும்பைக் கடித்தாள்.

அந்தப் பத்திரிகைச் செய்தி எப்படியோ கடல் கடந்து போயிருக்கிறது. சில வருஷம் கழித்து, இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மாள் என் காரில் ஏறினார். எழுபது வயதிருக்கும். கோயிலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்றார். அவர்கள் குடும்பத்தில் ஒரு பையன் கடலூர்ச் சண்டைக்கு வந்து திரும்பவே இல்லையாம். கோட்டைக்கு வெளியே எங்கோ ஒரு குடியானவன் நிலத்தில் புதைத்தார்கள் என்று மட்டும் தகவல் போய்ச் சேர்ந்ததாம். "அந்தக் குடியானவர் உங்கள் மாமனார் வீட்டாராகத்தான் இருக்க வேண்டும்," என்று சொல்லி, காரில் வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். படைக்கிற நாளிலேயே வர வேண்டும் என்று மாட்டுப் பொங்கலுக்குக் கணக்காக வந்திருந்தார். இவரை அங்கே கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். ஆனால் வண்டியைத் திருப்பவும் மனமில்லை. மாமா என்ன செய்வார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

மாமா அந்த அம்மாளைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க," என்று நாற்காலி போட்டார். அந்த அம்மாள் மேட்டருகே மண்டியிட்டு அழுதார். பிறகு இலையில் இருந்த பொங்கலைக் காட்டி, தானும் அதில் ஒரு வாய் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அத தொட வேணாம்னு சொல்லுங்க. யம்மாடி, அடுப்புல இருக்கிற நல்ல பொங்கலா எடுத்துக்கினு வா," என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "தின்னவனுக்குத்தான் எச்சிலு. இந்தம்மா என்னாத்தத் தின்னிச்சி?" என்றார்.

அந்த அம்மாள் நெய் ஒழுகும் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே, தங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வதைச் சொன்னார். பையனுடைய அம்மா அவன் சாப்பாட்டுத் தட்டை மேஜையிலிருந்து எடுக்கவே விடவில்லையாம். ஒவ்வொரு ராத்திரியும் அவன் இடத்தில் தட்டு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டுமாம். நான் அப்படியே சொன்னேன்.

மாமா கேட்டார்: "எம்மா நாளு அப்பிடி வச்சிச்சாம்?"

"சாவுற வரைக்கும்."

மாமா மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நல்லது," என்றார்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். மாமா மிகவும் வருத்தப்படுகிறார் என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். என் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் வந்த காரியத்தைச் சொன்னார். கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் வேண்டும். ஊருக்குக் கொண்டுபோய், அவர்கள் சர்ச் தோட்டத்தில் அந்தத் தாயின் சமாதிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அப்போது பையன் வீடு திரும்பிவிடுவான். சொல்லிவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

மாமாவின் முகம் இறுகியது. வாசலில் தண்ணீர் ஊற்றி அனுப்புவதும் மண்ணைக் கொடுத்து அனுப்புவதும் அவருக்கு ஒன்றுதான். தன் குடும்பம் இத்தனை தலைமுறை பிடித்து வைத்திருந்ததைத் தன் கையாலேயே விடுவிப்பதா? முடியாது என்று சொன்னால், நாளைக்கே ஊரெல்லாம் ஏன் என்று கேட்கும், சொல்லவும் முடியாது. கூப்பிய கையோடு நிற்கிற வயசான பெண்ணைத் துரத்தியடிக்கிற ஆளும் அவர் இல்லை. என் மனைவி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடுத்துடுங்க மாமா என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கொடுத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"எங்க வழக்கப்படி மண்ண நான்தான் எடுக்கணும்னு சொல்லுங்க," என்றார் மாமா. "அந்தம்மாவ உள்ள ஒக்காந்து காப்பி சாப்புடச் சொல்லுங்க."

அந்த அம்மாளை என் மனைவி உள்ளே அழைத்துப் போனாள். நான் பின்வாசலில் நின்றேன். மாமா மண்வெட்டியோடு கிளம்பினார். கல்லறைப் பக்கம் அவர் போகவேயில்லை. நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார். காளைகளை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, கட்டுத்தறி அடியில் ஒரு கொத்துக் கொத்தினார். சாணியும் மூத்திரமும் காலங்காலமாக ஊறிக் கறுத்த மண். இரண்டு கையாலும் அள்ளி, புதுத் துண்டில் கட்டி, மேலே மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் அந்த அம்மாளிடம் நீட்டினார். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கார் சிதம்பரம் திரும்பும் வரைக்கும் மூட்டை அவர் மடியில் இருந்தது. ஒருமுறை முகர்ந்துபார்த்துவிட்டு, "பண்ணை வாசனை வருகிறது. அவனும் பண்ணைக்காரப் பையன்தான்," என்றார். நான் கண்ணாடியில் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த வாரமே குறிஞ்சிப்பாடிக்குப் போய் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா மாமா இப்பிடிப் பண்ணிட்டீங்க? தட்டு வச்சிக் காத்திருந்தவங்க வம்சம் மாமா அது."

அவர் மாட்டுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டே பேசினார். "அந்த ரெண்டு மாட்டுக்கு ஏது மாப்ள சமாதி? எலும்பக்கூட மிச்சம் வைக்கல. அதுங்க ரத்தம் வுழுந்தது இந்தக் கட்டுத்தறியிலதான், அன்னிலேர்ந்து கொட்டாய எடம் மாத்தினதே இல்ல. இப்ப அவுங்க கோயில்லயே, அவுங்க பெரியவுங்க பக்கத்துலயே, நம்ம மாடு படுத்திருக்கட்டும். பூவு வச்சிக் கும்புடட்டும்."

"அவுங்க பையன்னு நெனச்சிதான கும்புடுவாங்க?"

"இங்க மட்டும் என்னா? மரியாதன்னுதான ஊரான் நெனச்சிக்கிட்டு இருக்கான்."

 அந்த அம்மாளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கு அடியில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், வயிறு நிறைந்த மாதிரி ஒரு திருப்தி இருந்தது. கொட்டகையில் வெட்டப்பட்ட மாட்டுக்காக நானும் எப்போது கோபப்பட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

மாமா இன்றைக்கு இல்லை. போன ஐப்பசி மழையில் போய்விட்டார். அவரை வாசலில் தண்ணீர் ஊற்றி நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தோம். அவரை நினைத்தால் எனக்கு உப்பும் கம்பமும் வரப்பும் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அந்த அம்மாள் வந்துபோன மறு வருஷத்து மாட்டுப் பொங்கல்தான் வருகிறது.

சாயந்திரம். படையலெல்லாம் முடிந்திருந்தது. என் போனில் ஒரு படம் வந்தது. பனி மூடிய சர்ச் தோட்டம். சின்னதாய் ஒரு புதுக் கல். அதைச் சுற்றி அந்த அம்மாள், அவர் மகள், மருமகன், கம்பளிக் கோட்டு போட்ட பேரப்பிள்ளைகள், ஒரு பாதிரியார். கல்லுக்கு முன்னால் வெள்ளைப் பூக்கள். நீங்கள் அங்கே மரியாதை செய்கிற இதே நாளில் நாங்களும் இங்கே செய்கிறோம், இனி எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் வருஷா வருஷம் செய்வார்கள் என்று எழுதியிருந்தார்.

மாமாவிடம் காட்டிப் படித்துச் சொன்னேன்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கேவா?"

"ஆமா மாமா."

"வருசா வருசமா?"

"அப்பிடித்தான் போட்டிருக்காங்க."

போனைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு முகமாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "எல்லாரும் தல குனிஞ்சிதான நிக்கறாங்க?" என்றார். பாதிரியார் உள்பட எல்லோரும் குனிந்துதான் நின்றார்கள். மாமா எழுந்தார். என் போனோடு கொட்டகைக்குள் போய், வலதுபுறக் காளையின் மூஞ்சிக்கு நேராக அதைப் பிடித்தார். பிறகு இடதுபுறக் காளைக்கும் காட்டினார். "பாத்துக்க. ஒன்னத்தான் கும்புடறாங்க," என்று மெல்லச் சொன்னார். காளை நாக்கை நீட்டிப் போனை நக்கியது. மாமா துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"அடுத்த வருசமும் மறக்காம அனுப்பச் சொல்லுங்க மாப்ள."

படத்தைப் பார்த்து என் மாமனாருக்கு ரொம்ப சந்தோஷம் என்று நான் அந்த அம்மாளுக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை.